முப்பத்துமூன்று வெள்ளிக்கிழமைகள்

ஜூலை 3, திங்கள்

காலையில் சர்வர் அறையைத் திறந்ததும் விட்டுவிட்டு ஒரு பீப் சத்தம். மூன்றாவது டிஸ்க் போய்விட்டது.

இந்த நோட்டு வேலைக்கானது. நாளைக்கு என் இடத்துக்கு வேறு யாராவது வந்தால் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் நாலு டிஸ்க்கில் இருக்கின்றன. பதினொரு வருடப் படங்கள். இந்த மலையில் உள்ள ஐந்து எஸ்டேட் ஜனங்களின் நெஞ்சும் எலும்பும் அதற்குள்தான். நாலு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டுகிற ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். நாலில் ஒன்று செத்துப்போனால், மிச்சம் மூன்றையும் படித்து, செத்ததில் என்ன இருந்தது என்று கணக்குப் போட்டு, புது டிஸ்க்கில் திரும்ப எழுதிவிடலாம். அப்படி எழுதுவதுதான் ரீசிங்க். அது முடிவதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு.

அலமாரியில் ஒரு புது டிஸ்க் வைத்திருந்தேன். மாற்றினேன். 10.40க்கு ரீசிங்க் தொடங்கியது. வினாடிக்கு நூற்றுப் பத்து எம்பி வேகம். இன்றைக்கே முடிந்துவிடும்.

மழை விடவில்லை. மூன்று நாளாகத் துணி காயவில்லை.


ஜூலை 4, செவ்வாய்

முடியவில்லை. பதினோரு சதவீதத்தில் நிற்கிறது. வேகம் வினாடிக்கு 2.9 எம்பி. திரையில் மிச்ச நேரம் பதினாலு நாள் என்று காட்டுகிறது.

பதினாலு நாள் இந்தச் சர்வர் ஒரு காலில் நிற்க வேண்டும்.

ரீசிங்க் எவ்வளவு மெதுவாகப் போகலாம், எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று இரண்டு எல்லைகள் உண்டு. கீழ் எல்லை மிகவும் குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரி வேலை நடக்கும்போது ரீசிங்க் ஒதுங்கி வழிவிடட்டும் என்று நானே எப்போதோ வைத்தது. அதை ஐம்பதுக்கு ஏற்றினேன். பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன். 2.9தான்.

எக்ஸ்ரே எடுக்கும் ரோஸ்லின் வந்து, "சார், படம் திறக்க லேட் ஆகுது" என்றாள்.

"ரெண்டு நாள்ல சரியாயிடும்மா" என்றேன்.

மதியம் கேண்டீனில் யாரோ என் மனைவி லீலாவைப் பற்றிக் கேட்டார்கள். ஆலங்குளத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், மழை விட்டதும் வருவாள் என்று சொன்னேன்.


ஜூலை 5, புதன்

17 சதவீதம்.

இன்று செய்தவை: ரெய்டுக்கு ஒதுக்கிய மெமரியை எட்டு மடங்கு ஆக்கினேன். வேகம் 3.2 ஆகி மறுபடி 2.9க்கு வந்தது. வைரஸ் தேடும் வேலையை நிறுத்தினேன். மாற்றம் இல்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படம் பார்க்கிற மென்பொருளையே அரைமணி நேரம் நிறுத்தினேன். நாலு வரை போனது. ஆக, ஆஸ்பத்திரி வேலையால் வரும் தாமதம் இல்லை இது. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

வெளியே வந்தபோது எக்ஸ்ரே அறை பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாலாம் டிவிஷனில் தேயிலை பறிக்கிறவர், பெயர் மாரித்தாய். ஜனவரியில் எடுத்த எக்ஸ்ரேவில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்ததாம். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். இன்று புதுப் படம் எடுத்தாயிற்று. பழையதோடு வைத்துப் பார்த்து, புள்ளி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று டாக்டர் சொல்ல வேண்டும். பழைய படம் திறக்கவில்லை. நாலு மணி எஸ்டேட் வண்டி போய்விடும் என்று திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"மெஷின் மெதுவா ஓடுதாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொல்லிக்கொண்டு போனார். குறையாகச் சொல்லவில்லை.


ஜூலை 6, வியாழன்

23 சதவீதம். கரண்ட் மூன்று முறை போனது. யுபிஎஸ் தாங்கியது.


ஜூலை 7, வெள்ளி

29 சதவீதம்.

நாலு டிஸ்க்கையும் தனித்தனியாகக் கவனித்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒன்றாவதும் நாலாவதும் கேட்டதும் பதில் சொல்கின்றன. புது டிஸ்க் சும்மா காத்திருக்கிறது. இரண்டாவது டிஸ்க்தான் ஒவ்வொரு தடவையும் ஒன்றரை வினாடி, இரண்டு வினாடி எடுத்துக்கொள்கிறது. மற்ற எல்லாம் அதற்காக நிற்கின்றன.

கேபிளாக இருக்கலாம் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்றுதான் எழுத வேண்டும். மதியம் சர்வரை நிறுத்திக் கேபிளை மாற்றினேன். ரீசிங்க் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வேகம் எண்பது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். டீ கொண்டுவரச் சொன்னேன். டீ வருவதற்குள் ஐந்துக்கு இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை என்பதால் வார அறிக்கை. சர்வர்: ஒரு டிஸ்க் மாற்றப்பட்டது, ரீசிங்க் நடக்கிறது. நெட்வொர்க்: சரி. யுபிஎஸ்: சரி. பேக்கப்: சரி.

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.


ஜூலை 8, சனி

34 சதவீதம். வேகம் 1.6.

இரண்டாவது டிஸ்க்குக்குள், படிக்க முடியாமல் போன இடங்கள் என்று அது தானே ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறது. நேற்று எட்டு. இன்று காலை இருபத்துநாலு. மாலையில் ஐம்பத்தாறு. அதுவும் சாகப்போகிறது. ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள்தானே.

சரியான வழி எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். ரீசிங்க்கையும், படம் எடுப்பதையும், பார்ப்பதையும். பிறகு இரண்டாவது டிஸ்க்கில் உள்ளதை இடம் இடமாக, பொறுமையாக, வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். முழுசாக இரண்டு நாள் ஆகும்.

டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனேன். நெஞ்சு டாக்டர் அவர்தான், ஆஸ்பத்திரிப் பொறுப்பும் அவர்தான். சொன்னேன்.

"ரெண்டு நாள் எக்ஸ்ரே இல்லாம நான் எப்படி சார் ஓபி பார்க்கிறது? இந்த மழையில எத்தனை பேர் மூச்சு முட்டி வர்றாங்க, நீங்களே பார்க்கிறீங்க. நிறுத்தலன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம் மேடம். அந்த டிஸ்க் போயிட்டா எல்லாப் படமும் போயிடும்."

"போனா பேக்கப்ல இருந்து எடுத்துக்கலாம். பேக்கப் இருக்குல்ல?"

கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இருக்கு மேடம்."

"அப்புறம் என்ன சார், ஓடட்டும். நீங்க ரொம்பக் கவலைப்படுறீங்க."


ஜூலை 9, ஞாயிறு

பேக்கப் இருக்கிறது. நவம்பர் 18 வரைக்கும் இருக்கிறது.

இரண்டு வெளி டிஸ்க்குகள். ஒவ்வொரு வெள்ளியும் ஒன்றைச் சர்வரில் செருகி நகல் எடுக்க வேண்டும். மறுநாள் அதைப் பொள்ளாச்சியில் உள்ள எங்கள் கிளினிக்கில் பூட்டி வைத்துவிட்டு, அங்கிருக்கும் மற்றதைக் கொண்டுவர வேண்டும். மலையில் என்ன ஆனாலும் கீழே ஒரு நகல் இருக்கும் என்று நான்தான் போட்டுக்கொடுத்த திட்டம். ஒன்பது வருடம் ஒரு வாரம் தவறியதில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ். லீலாவும் வருவாள். கிளினிக்கில் ஐந்து நிமிட வேலை. அப்புறம் மார்க்கெட், சாப்பாடு, அவளுக்கு ஒரு கடையில் ரவிக்கை தைக்கக் கொடுப்பது, வாங்குவது. மலை ரோட்டில் நாற்பது வளைவு. ஏறும்போது அவளுக்கு ஜன்னல் சீட் வேண்டும், தலை சுற்றும்.

நவம்பர் 25 வெள்ளிக்கிழமை டிஸ்க்கைச் சர்வரில் செருகக் கையில் எடுத்தேன். பிறகு செருகாமலே மேசை டிராயரில் போட்டேன். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அப்படியே ஆகிவிட்டது. முப்பத்துமூன்று வெள்ளி. முப்பத்துமூன்று அறிக்கையிலும் பேக்கப் சரி என்று எழுதியிருக்கிறேன்.

இன்று அந்த டிஸ்க்கைச் செருகி, நவம்பருக்குப் பிறகு வந்த படங்களையாவது எடுத்துவிடப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டாவது டிஸ்க் டக் டக் என்று தட்டத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.

பதினொரு மணிக்கு லீலாவின் போன். ஞாயிறு பதினொரு மணிக்குப் பேசுவாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இட்லி."

"மழையா அங்க?"

"விடவே இல்ல."

"ஆஸ்பத்திரியில எல்லாம் நல்லா இருக்கா?"

"எல்லாம் நல்லா இருக்கு."

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி வைக்கிறேன்" என்றாள்.

அவள் போனதன் காரணத்தை எங்கேயும் எழுதியதில்லை. இது வேலை நோட்டு. ஆனாலும் எழுதுகிறேன். நவம்பரில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. இரண்டாம் நாள் காலையில் அவள் அண்ணன் என் போனுக்குப் பேசினார். அவள் போனில் சிக்னல் இல்லை. அத்தைக்கு, அதாவது லீலாவின் அம்மாவுக்கு, ரொம்ப முடியவில்லை, ரெண்டு நாள் தாங்காது, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ரோடு இல்லாதபோது சொல்லி என்ன செய்வது, இங்கேயே கிடந்து தவிப்பாளே என்று, அம்மாவுக்குக் காய்ச்சலாம் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் விடியற்காலை அத்தை இறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ரோடு அடைபட்டிருந்தது.


ஜூலை 10, திங்கள்

39 சதவீதம். வேகம் 1.1. படிக்க முடியாத இடங்கள் நூற்றுப் பதினெட்டு.

மாரித்தாய் காலையிலேயே வந்துவிட்டார். ஜனவரிப் படம் இன்று மெதுவாகக்கூடத் திறக்கவில்லை. பிழை என்று வந்தது. ரோஸ்லின் மூன்று முறை முயன்றுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். டாக்டரும் வந்து நின்றார்.

"பேக்கப்ல இருந்து இந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக் குடுங்க சார்" என்றார்.

நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். இன்றைக்கே என்று ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை.

மாரித்தாயிடம் நாளை வரச் சொன்னார்கள். பஸ் ஓடவில்லை. ஆறு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார் என்று ரோஸ்லின் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். சாப்பிடவில்லை.


ஜூலை 11, செவ்வாய்

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கு மாரித்தாய் பெஞ்சில் இருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் தேங்கியிருந்தது. அவரைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"சார்" என்று கூப்பிட்டார். "படம் கிடைக்கலயா?"

"தேடிக்கிட்டு இருக்கோம்மா."

"கிடைச்சிருச்சு, அதுல மோசமா ஏதோ தெரியுது, என்கிட்ட சொல்ல யோசிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் இல்லம்மா."

"இல்லேன்னா சரி. எங்க அக்காவுக்கு அப்படித்தான் பண்ணாங்க. வயித்துல கட்டி. வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. சத்து மாத்திரைன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தோம். நானுந்தேன் குடுத்தேன். தெரிஞ்சிருந்தா திருப்பூர்ல இருக்க மகளை ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்திருப்பா. கடைசி நாள்ல, ஏன்டி சொல்லலன்னு என்னையப் பார்த்துக் கேட்டா சார்." குடையை மடக்கி ஓரமாக வைத்தார். "எனக்கு எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லச் சொல்லுங்க, டாக்டரம்மாகிட்ட. எம் புருசன்கிட்ட வேணாம்."

சொல்கிறேன் என்றேன்.

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் 1.1 என்று இருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அந்த எண் மாறவே இல்லை. பிறகு எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன். ஓபி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் வெளியே வரும்வரை நின்றேன்.

"படம் எடுத்துட்டீங்களா சார்?"

"பேக்கப் இல்ல மேடம்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"நவம்பர் பதினெட்டு வரைக்கும்தான் இருக்கு. அதுக்கப்புறம் எடுக்கல. முப்பத்துமூணு வாரம். அறிக்கையில சரின்னு எழுதினது பொய். சனிக்கிழமை உங்ககிட்ட இருக்குன்னு சொன்னதும் பொய். ரெண்டாவது டிஸ்க் எப்ப வேணாலும் போகும். போனா நாலாயிரம் படத்துக்கு மேல திரும்பக் கிடைக்காது."

ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பதிலும் வைத்திருந்தேன், மழை, ரோடு, ஆள் இல்லை என்று. அவர் கேட்கவில்லை.

"சனிக்கிழமை சொல்லியிருந்தா இந்த மூணு நாள் மிச்சமாயிருக்கும்ல?"

"ஆமா மேடம்."

"இப்ப என்ன செய்யணும்?"

"எல்லாத்தையும் நிறுத்தணும். கீழ இருந்து ஒரு டிஸ்க் வரணும்."

போனை எடுத்து ரோஸ்லினிடம் எக்ஸ்ரேவை நிறுத்தச் சொன்னார். பொள்ளாச்சிக்குப் போகிற ஆம்புலன்ஸ் திரும்பி வரும்போது டிஸ்க் வாங்கி வர ஏற்பாடு செய்தார். அவசரமான நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஜீப் சொன்னார். எல்லாம் ஐந்து நிமிடம். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி கமிட்டிக்கு நீங்களே எழுதிடுங்க சார். நான் எழுதினா வேற மாதிரி இருக்கும்."

11.20க்கு ரீசிங்க்கை நிறுத்தினேன். ரெய்டையும் நிறுத்தினேன். அறையில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது.


ஜூலை 12, புதன்

டிஸ்க் காலை ஏழு மணிக்கு வந்தது. ஏழரைக்கு நகல் எடுக்கத் தொடங்கினேன். நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்க்கும்.

எக்ஸ்ரே அறை வாசலில் ‘இரண்டு நாள் படம் எடுக்கப்படாது’ என்று ஒரு தாள். ரோஸ்லின் எழுதி ஒட்டியிருக்கிறாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேண்டீனில் நான் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. இடம் இருந்ததாலும் இருக்கலாம்.


ஜூலை 13, வியாழன்

71 சதவீதம் நகல். கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். நாலு முறை கிழித்து எழுதியது, கடைசியில் ஒரு பக்கத்துக்குள் வந்தது.


ஜூலை 14, வெள்ளி

நகல் முடிந்தது. படிக்கவே முடியாமல் போன இடங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. இத்தனை பெரிய டிஸ்க்கில் அது ஒரு துளி. ஆனால் அந்தத் துளி யார் படத்தில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி நகலைப் போட்டேன். ரெய்டு எழுந்தது. ரீசிங்க்கை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். வினாடிக்குத் தொண்ணூற்றெட்டு எம்பி. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இறங்கவில்லை.

வார அறிக்கை. பேக்கப்: நவம்பர் 18க்குப் பிறகு எடுக்கப்படவில்லை.


ஜூலை 15, சனி

காலை வந்தபோது ரீசிங்க் முடிந்திருந்தது. நாலு டிஸ்க்கும் சரி.

உடனே முழு பேக்கப் ஓடவிட்டேன். அது ஓடும்போதே ஒவ்வொரு படமாகச் சோதித்தேன். ஒன்பது படம் திறக்கவில்லை. எட்டு படம் பழையவை, நவம்பர் பேக்கப்பில் இருந்தன, எடுத்துவிட்டேன். ஒன்பதாவது ஜனவரி 9ஆம் தேதி எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே. பெயர் மாரித்தாய்.

டாக்டரிடம் சொன்னேன். பழைய படம் இல்லாமல் புள்ளி வளர்ந்ததா என்று சொல்ல முடியாது, காத்திருக்கவும் முடியாது, கோயம்புத்தூருக்கு அனுப்பி ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதுதான் என்றார். பெரிய ஊசி. விலா எலும்புகளுக்கு நடுவே.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன் மேடம்" என்றேன்.

"என்ன சொல்வீங்க?"

"என்னாலன்னு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, போங்க என்றார்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு வரிசையில் ஏழாவது வீடு. மாரித்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முக்காலி போட்டார். நான் நின்றபடியே சொன்னேன். படத்தை இன்னொரு இடத்திலும் வைத்திருக்க வேண்டியது என் வேலை, எட்டு மாதமாக நான் செய்யவில்லை, அதனால் உங்கள் படம் அழிந்துவிட்டது, அதனால்தான் இந்த ஊசி.

கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"வலிக்குமா சார்?"

"வலிக்கும்னுதான் டாக்டர் சொன்னாங்க."

"எட்டு மாசமா ஏன் சார் செய்யல?"

டாக்டர் கேட்காத கேள்வி. இவரிடம் மழை, ரோடு என்று சொல்ல வாய் வரவில்லை. "வீட்டுக்காரி இல்லாம அந்த பஸ்ல ஏற முடியல" என்றேன்.

அவர் மன்னித்தார் என்று எழுத முடியாது. என்னை வெறுமனே பார்த்தார். பிறகு, எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று கேட்டார்.


ஜூலை 16, ஞாயிறு

பதினொரு மணி வரை காத்திருக்கவில்லை. ஒன்பதரைக்கு நானே லீலாவுக்குப் போன் செய்தேன்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள். நான் கூப்பிட்டதே அவளுக்குப் பயம்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். டிஸ்க், அறிக்கை, டாக்டர், மாரித்தாய். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு லீலா. அன்னிக்கு ரோடு அடைச்சிருந்ததுன்னு சொன்னேன். காலையில அடைச்சுத்தான் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பக்கம் திறந்துட்டாங்க. ஆபீஸ்ல இருக்கும்போதே எனக்குத் தெரியும். ஜீப் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. காலையில காய்ச்சல்னு சொல்லிட்டு, சாயங்காலம் வந்து இல்ல, சாகக் கிடக்காங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். விடிஞ்சதும் சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்."

அவள் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வேறு எங்கோ வந்தாள் போல. சத்தம் நின்றது.

"ரோடு திறந்தது எனக்குத் தெரியும்" என்றாள். "அடுப்படி ஜன்னல்ல இருந்து பார்த்தேன். ஒண்ணு பின்னால ஒண்ணா மூணு ஜீப் கீழ இறங்கிச்சு. ரோடு விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். அம்மாவுக்குக் காய்ச்சல்தானே, நாளைக்குப் போகலாம்னு உங்களுக்குச் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அண்ணன் உங்ககிட்ட உள்ளதைச் சொன்னாருன்னு எழவு வீட்டுலதான் தெரிஞ்சது. நீங்க ரோடு இல்ல, ரோடு இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். என்கிட்டயாவது தனியா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எதுக்குப் போன் பண்றேன்னு நெனச்சீங்க?"

"தெரியல லீலா."

"இட்லி சாப்பிட்டீங்களான்னு கேக்கவா?"

அழுதாளா என்று தெரியவில்லை. அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள்.


ஜூலை 22, சனி

ஏழு மணி பஸ்ஸில் பேக்கப் டிஸ்க்கோடு பொள்ளாச்சி போய்வந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு கோழி வியாபாரி. தூங்கி என் தோளில் சாய்ந்தபடியே வந்தார்.

கமிட்டி முடிவு: பதவி உயர்வு இல்லை. இனி பேக்கப்பை என்னோடு சேர்ந்து ரோஸ்லினும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நியாயம்தான்.


ஜூலை 27, வியாழன்

மாரித்தாயின் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு. ஜனவரிப் படம் இருந்திருந்தால் புள்ளி அப்படியே இருக்கிறது என்று அரை நிமிடத்தில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்றார் டாக்டர். ஊசி குத்தியதில் நுரையீரலில் காற்று கசிந்து அவர் மூன்று நாள் கோயம்புத்தூரிலேயே படுத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது வீட்டில் இருக்கிறார். இன்னும் ஒரு மாதம் கூடை தூக்கக் கூடாது.

இதை டாக்டர் சொன்னபோது ரோஸ்லினும் இருந்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானாக, "போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றேன்.

மாலை ஐந்து மணிக்குப் போன் அடித்தது. லீலா. வியாழக்கிழமை அவள் பேசியதில்லை.

"அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

சொன்னேன். ஊசி, காற்றுக் கசிவு, கூடை எல்லாம். நல்லவேளை புற்றுநோய் இல்லை என்று சொல்லி முடித்துவிடத்தான் வாய் வந்தது. முடிக்கவில்லை.

"நான் வர்றேன்னு சொல்லப் பேசல" என்றாள். "கேக்கணும்னு தோணிச்சு."

"சரி."

அதற்குப் பிறகு அவள் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். கடைசி நாளில் என்ன கேட்டார், யார் பக்கத்தில் இருந்தார்கள், லீலா எங்கே என்று எத்தனை தடவை கேட்டார், அண்ணி என்ன பதில் சொன்னாள் என்று. இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன், பேசவில்லை. வெளியே மழை வலுத்து, அவள் குரல் அடிக்கடி தேய்ந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற கதவோரமாக நின்றேன்.

நடுவில் நிறுத்தி, "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன். அவள் தொடர்ந்தாள்.